'ஆராய்ச்சிச் செலவு: இல்லை' என்று எழுதும் பட்டறைகளையும் எண்ணுங்கள்

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையில், ஆய்வு மேம்பாட்டுக்கான தேசியக் கணக்கெடுப்பை நடத்தும் என்எஸ்டிஎம்ஐஎஸ் பிரிவின் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

0.64 சதவீதம். உங்கள் பிரிவு வெளியிட்ட எண்களில் அதிகம் அடிபடுவது இதுதான். இந்தியா தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் இவ்வளவுதான் ஆராய்ச்சிக்குச் செலவிடுகிறது என்ற வரி இல்லாமல் அறிவியல் கொள்கை பற்றி இன்று ஒரு தலையங்கம்கூட வருவதில்லை. தொழில் மாநாட்டு மேடைகளிலும் பட்டமளிப்பு விழாக்களிலும் அதே எண்ணைத்தான் கேட்கிறோம். எண்ணை வைத்துப் பேசுகிறவர்கள் பலர். அதைத் தயாரிக்கிறவர்கள் நீங்கள். அதனால் இந்த மடல் உங்களுக்கு.

நான் கோவையில் சிறு, நடுத்தர இன்ஜினியரிங் நிறுவனங்களுக்குக் கணக்குப் பார்க்கிறவன். பம்பு, மோட்டார், வால்வு, வெட் கிரைண்டர், ஜவுளி இயந்திரங்களுக்கான உதிரி பாகங்கள் செய்கிறவர்கள் என் வாடிக்கையாளர்கள். ஒரு நிறுவனத்தில் பணம் எந்தத் தலைப்பில் போகிறது, எந்தத் தலைப்பில் போனதாக எழுதப்படுகிறது என்பதை அருகிலிருந்து பார்க்கும் வேலை இது. அந்த இடத்திலிருந்து பார்க்கும்போது ஒன்று தெளிவாகத் தெரிகிறது. ஆராய்ச்சிப் பிரிவு என்று பலகை மாட்டிய இடங்களில் நடப்பதை உங்கள் கணக்கெடுப்பு பிடித்துவிடுகிறது. பலகை இல்லாத இடங்களில் நடப்பது அதில் விழுவதே இல்லை. இந்த நாட்டில் பலகை இல்லாத இடங்கள்தான் அதிகம்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். கோவையில் கணபதி என்ற பகுதியில் ஒரு மோட்டார் பட்டறை. ஆழ்துளைக் கிணற்றுக்கான சப்மெர்சிபிள் மோட்டார் செய்கிறார்கள். கிராமத்து ஃபீடர்களில் வோல்டேஜ் இறங்கும்போது மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்து, சூடாகி, வைண்டிங் எரிந்துபோகும். விவசாயி மோட்டாரை மேலே ஏற்றி, காயிலை மாற்றி, மறுபடி இறக்க வேண்டும். ஒரு போகமே போய்விடும். இதற்கு ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டும் என்று அந்த முதலாளி இறங்கினார். கம்பியின் கேஜை மாற்றினார், சுற்றுகளின் எண்ணிக்கையை மாற்றினார், ஸ்டாம்பிங்கில் ஸ்லாட்டின் வடிவத்தை மாற்றினார். தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லருக்குப் புதுப் பேட்டர்ன், அதாவது வார்ப்பு மாதிரி போட்டு, நான்கு விதமாக வார்த்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் டெஸ்ட் பெட்டில் ஏற்றி, வோல்டேஜைப் படிப்படியாக இறக்கி, ஹெட், டிஸ்சார்ஜ், ஆம்பியர், வைண்டிங் சூடு எல்லாவற்றையும் ஒரு நீளமான நோட்டில் எழுதினார்கள். தோற்றுப்போனவையும் அந்த நோட்டில் இருக்கின்றன. ஒன்றரை வருடத்துக்குமேல் இழுத்த வேலை. கடைசியில் ஒரு டிசைன் நின்றது. இன்று அவர் விற்பதில் பெரும்பகுதி அதுதான்.

அந்த வருடக் கணக்கை முடிக்கும்போது ஆராய்ச்சிச் செலவு ஏதாவது தனியாகக் காட்ட வேண்டுமா என்று கேட்டேன். "ஆராய்ச்சியெல்லாம் நமக்கு எங்கீங்க, அதெல்லாம் பெரிய கம்பெனிக்காரங்க பண்றதுங்க" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. அடக்கத்துக்காகவும் சொல்லவில்லை. தான் செய்ததற்கு அந்தப் பெயர் உண்டு என்பதே அவருக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் பின்பற்றும் சர்வதேச வரையறையை எடுத்துப் பாருங்கள். 1963-இல் ரோம் நகருக்குப் பக்கத்தில் ஃப்ராஸ்காட்டி என்ற ஊரில், பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பான ஓஇசிடியின் நாடுகளைச் சேர்ந்த புள்ளியியல் வல்லுநர்கள் கூடிப் பேசியதிலிருந்து வந்தது அந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய கையேடு. 2015-இல் வந்த அதன் ஏழாம் பதிப்பு, ஒரு வேலையை ஆராய்ச்சி என்று சொல்ல ஐந்து தகுதிகளைக் கேட்கிறது. புதிதாக ஒன்றைத் தெரிந்துகொள்ளும் நோக்கம் இருக்க வேண்டும். வெறும் நகலாக இல்லாமல் சொந்த யோசனை இருக்க வேண்டும். முடிவு என்ன ஆகும் என்பது முன்கூட்டியே தெரியாததாக இருக்க வேண்டும். திட்டமிட்டு, பதிவு வைத்துச் செய்திருக்க வேண்டும். இன்னொருவர் அதைத் திரும்பச் செய்து பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். பட்டறை நோட்டு இந்த ஐந்திலும் தேறும். வெள்ளைக் கோட்டு போட்டவர்தான் செய்ய வேண்டும், தனிக் கட்டடத்தில்தான் நடக்க வேண்டும் என்று அந்தக் கையேட்டில் எங்கும் இல்லை.

சரி, அந்த ஒன்றரை வருடச் செலவு கணக்குப் புத்தகத்தில் எங்கே போனது? பேட்டர்ன் செலவு 'டூல்ஸ் அண்ட் டைஸ்' தலைப்பில் போனது. தேறாத காஸ்டிங்குகளை உடைத்து மறுபடி உருக்கிவிட்டதால் அதற்குச் செலவே இல்லாத மாதிரி ஆகிவிட்டது. எரிந்த காயில்களின் தாமிரம் ஸ்கிராப் விற்பனையில் வரவாக வந்தது. வைண்டரின் கூலி கூலிக் கணக்கில். டெஸ்ட் பெட் ஓடிய மின்சாரம் மொத்த கரண்ட் பில்லில். முதலாளி இரவில் உட்கார்ந்து போட்ட வேலைக்கு எந்தக் கணக்கும் இல்லை. வரித்துறைக்கும் வங்கிக்கும் இது போதும். எல்லாமே தொழில் செலவுதான், எல்லாமே கழிவு பெறும், பிரித்துக் காட்டு என்று யாரும் கேட்பதில்லை. பிரித்துக் காட்டினால் எங்களுக்குக் கூடுதல் வேலை, அவருக்குக் கூடுதல் கட்டணம். பயன் என்ன என்று அவர் திருப்பிக் கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

பெரிய கம்பெனிகள் விஷயம் வேறு. கம்பெனிகள் சட்டத்தின்படி இயக்குநர் அறிக்கையில் தொழில்நுட்ப உள்வாங்கல் பற்றியும் ஆராய்ச்சிச் செலவு பற்றியும் சொல்ல வேண்டும். சிறிய பிரைவேட் லிமிடெட்டுகளுக்குச் சுருக்க அறிக்கை போதும். தனிநபர் நிறுவனங்களுக்கும் கூட்டு நிறுவனங்களுக்கும் இயக்குநர் அறிக்கை என்ற ஒன்றே கிடையாது. கோவையில் பாதிக் கதவுகளுக்குப் பின்னால் இருப்பவை இந்த வகைதான்.

உங்கள் பக்கம் என்ன நடக்கிறது? தனியார் துறையைப் பொறுத்தவரை கணக்கெடுப்புக்கு முதுகெலும்பாக இருப்பது மத்திய அறிவியல், தொழிலக ஆராய்ச்சித் துறையான டிஎஸ்ஐஆரின் அங்கீகாரம் பெற்ற உள் ஆய்வுப் பிரிவுகளின் பட்டியல். அந்த அங்கீகாரம் வாங்க, உற்பத்தியிலிருந்து பிரித்துக் காட்டக்கூடிய ஆய்வு வசதி வேண்டும், அதற்கென்று தகுதியுள்ள ஆட்கள் வேண்டும், தனிக் கணக்கு வேண்டும். வரிச்சலுகை கொடுக்கும்போது இப்படிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அரசாங்கப் பணம் போகிறது, கண்டிப்பு வேண்டும். ஆனால் வரிச்சலுகைக்காகத் தயாரித்த பட்டியலையே நாட்டின் ஆராய்ச்சி எங்கே நடக்கிறது என்பதற்கான வரைபடமாகவும் வைத்துக்கொண்டால், சலுகை கேட்காதவன் வரைபடத்திலேயே இல்லாமல் போகிறான்.

இந்தச் சிக்கலில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. வருமானவரிச் சட்டத்தின் 35(2ஏபி) பிரிவின்படி, அங்கீகாரம் பெற்ற ஆய்வுப் பிரிவில் 100 ரூபாய் செலவழித்தால் 200 ரூபாய் கழிவு கிடைத்த காலம் ஒன்று இருந்தது. 2017 ஏப்ரல் முதல் அது 150 ஆனது. 2020 ஏப்ரல் முதல் வெறும் 100. அதற்கு நடுவில் 2019-இல் 22 சதவீத கார்ப்பரேட் வரி வந்தது. அதைத் தேர்ந்தெடுத்த கம்பெனிக்கு 35(2ஏபி) கழிவே கிடையாது என்று ஆனது. ஆக, ஆராய்ச்சிச் செலவைத் தனியாக எடுத்துக் காட்டுவதால் கிடைத்த லாபம் நான்கு வருடத்துக்குள் கரைந்துவிட்டது. எல்லோரும் மேற்கோள் காட்டும் 0.64 எந்த வருடத்துக் கணக்கு? 2020-21. கூடுதல் கழிவு முற்றிலும் நின்றுபோன முதல் வருடம். அந்த வருடத்தில் தனியார் துறை உண்மையிலேயே எவ்வளவு செய்தது, சொல்லிக்கொள்ளக் காரணம் இல்லாததால் சொல்லாமல் விட்டது எவ்வளவு என்று உங்களால் பிரித்துச் சொல்ல முடியுமா? முடியும் என்றால் தயவுசெய்து வெளியிடுங்கள். ஏனென்றால் மொத்த ஆராய்ச்சிச் செலவில் தனியார் தொழில்துறையின் பங்கு 36.4 சதவீதம் மட்டுமே என்று அதே அறிக்கை சொல்கிறது. சீனாவிலும் தென்கொரியாவிலும் தொழில் நிறுவனங்களின் பங்கு முக்கால்வாசிக்கும் மேல். இந்த ஒப்பீட்டை வைத்து 'இந்திய முதலாளிகளுக்கு ஆராய்ச்சியில் அக்கறை இல்லை' என்று ஒரு தீர்ப்பே எழுதப்பட்டுவிட்டது. அதில் பெரும்பகுதி உண்மையாகவே இருக்கலாம். ஆனால் தீர்ப்பு எழுதுமுன் சாட்சியை முழுதாக விசாரித்திருக்க வேண்டும்.

அதே 2020-21 கொரோனா வருடமும்கூட. விகிதத்தின் அடியில் இருக்கும் ஜிடிபியே சுருங்கிய வருடம் அது. அப்படிப்பட்ட ஒரு வருடத்தின் எண்ணை 2025 வரைக்கும் 'இன்றைய இந்தியாவின் நிலை' என்று சொல்லிக்கொண்டிருந்தோம். நடுவில் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு 2023-இல் சட்டம் வந்தது. ஐந்து ஆண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்று திட்டம் போட்டார்கள், அதில் பெரும்பங்கு அரசுக்கு வெளியிலிருந்து வரும் என்றார்கள். 2025 ஜூலையில் தனியார் ஆராய்ச்சியை ஊக்குவிக்க 1 லட்சம் கோடி ரூபாய்த் திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. இவ்வளவு பெரிய தொகைகளை எங்கே போடுவது என்று முடிவு செய்கிறவர்களின் கையில் இருந்தது கொரோனா வருடத்துக் கணக்கு.

குறைவாக எண்ணுவது நமக்கு மட்டும் உள்ள நோய் இல்லை. பிரிட்டனைப் பாருங்கள். 2027-க்குள் ஜிடிபியில் 2.4 சதவீதத்தை ஆராய்ச்சிக்குச் செலவிடுவோம் என்று அங்கே இலக்கு வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் கணக்கெடுப்பில் நிறுவனங்கள் சொன்ன தொகை. இன்னொரு பக்கம் அதே நாட்டு நிறுவனங்கள் வரிச்சலுகை கேட்டு விண்ணப்பித்த தொகை. இரண்டுக்கும் இடையில் வருடத்துக்கு வருடம் இடைவெளி பெரிதாகிக்கொண்டே போனது. 2022-இல் அந்த நாட்டின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் வெளிப்படையாகச் சொன்னது: சிறு நிறுவனங்களை நாங்கள் சரியாக எண்ணவில்லை. மாதிரி எடுத்த பட்டியலே ஏற்கெனவே ஆராய்ச்சி செய்வதாகத் தெரிந்த நிறுவனங்கள் பக்கம் சாய்ந்திருந்தது. திருத்திப் பார்த்தபோது 2020-க்கான தொழில்துறை ஆராய்ச்சிச் செலவு ஏறக்குறைய 27 பில்லியன் பவுண்டிலிருந்து 43 பில்லியனுக்குத் தாவியது. ஆய்வகத்தில் ஒரு சோதனைக்குழாய்கூடக் கூடவில்லை, ஆனால் எட்டாத இலக்கு என்று எல்லோரும் கவலைப்பட்டுக்கொண்டிருந்தது ஏற்கெனவே கடந்துபோன இலக்காகிவிட்டது.

கதை அங்கே முடியவில்லை, அடுத்த பகுதிதான் எனக்கு முக்கியம். 2023-இல் பிரிட்டிஷ் வரித்துறை அந்த வரிச்சலுகை விண்ணப்பங்களைச் சோதித்து, 2020-21-இல் கொடுத்த சலுகைத் தொகையில் 16.7 சதவீதம் தவறாகவோ மோசடியாகவோ கோரப்பட்டது என்று மதிப்பிட்டது. அதிலும் சிறு நிறுவனங்களுக்கான திட்டத்தில் இது இன்னும் மோசம். அதாவது கணக்கெடுப்பு குறைத்துச் சொன்னது, வரிக் கணக்கு கூட்டிச் சொன்னது. உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருந்தது. அதைக் கண்டுபிடிக்க இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஓர் அலுவலகத்துக்குத் துணிச்சல் வேண்டியிருந்தது. உங்களிடம் நான் எதிர்பார்ப்பதும் அதே துணிச்சலைத்தான்.

எண்ணைக் கூட்டிக் காட்டுங்கள் என்று கேட்பதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. கணக்குப் பார்க்கிறவனுக்கு இரண்டு பக்கமும் தெரியும். ஐஎஸ்ஓ சான்றிதழ் வாங்கிய செலவை ஆராய்ச்சி என்கிறவர்கள் இருக்கிறார்கள். கேஜ்களைக் காலிபரேஷனுக்கு அனுப்பிய பில், புது ஈஆர்பி மென்பொருள் போட்ட செலவு, பம்பின் பெயின்ட் நிறத்தை மாற்றிய செலவு, கண்காட்சியில் ஸ்டால் போட்ட வாடகை எல்லாவற்றையும் இதில் தள்ளச் சொல்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். இவை எதுவுமே ஆராய்ச்சி இல்லை. வழக்கமான தரச் சோதனையும் ஆராய்ச்சி ஆகாது. இன்னொரு குழப்பம் தேய்மானம். ஃப்ராஸ்காட்டி முறைப்படி, அந்த வருடம் வாங்கிய ஆய்வுக் கருவியின் முழு விலையையும் அந்த வருடத்திலேயே எழுத வேண்டும், தேய்மானத்தைச் சேர்க்கக் கூடாது. கம்பெனிக் கணக்கில் நாங்கள் செய்வது இதற்கு நேர் எதிர். படிவத்தை நிரப்பும் கணக்காளர் பழக்கதோஷத்தில் தேய்மானத்தையும் சேர்த்துவிட்டால் ஒரே கருவி இரண்டு முறை எண்ணப்படும். பெரிய நிறுவனங்களில் இது சின்னத் தொகை இல்லை. திருத்தமாக எண்ணினால் சில இடங்களில் எண் குறையவும் செய்யும். குறையட்டும்.

சென்னையிலும் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் வெளிநாட்டு நிறுவனங்கள் நடத்தும் பொறியியல் மையங்கள் நிறையவே இருக்கின்றன. கார் என்ஜின் கட்டுப்பாடு, சிப் வடிவமைப்பு, மருத்துவக் கருவி மென்பொருள் என்று உண்மையான ஆராய்ச்சி பலவற்றில் நடக்கிறது. தாய் நிறுவனம் செலவுக்கு மேல் குறிப்பிட்ட விகிதத்தில் லாபம் வைத்துக் கொடுக்கும், இந்தியக் கிளை அதைச் சேவை ஏற்றுமதி வருமானமாக எழுதும், என்ஜினியர் சம்பளம் சாதாரணச் சம்பளச் செலவாகப் போகும். அந்தக் கிளையின் கணக்கில் ஆராய்ச்சிச் செலவு என்று ஒரு வரி இருக்க அவசியமே இல்லை. ஆனால் வேலை எந்த மண்ணில் நடக்கிறதோ அந்த நாட்டுக் கணக்கில்தான் அது வர வேண்டும், பணம் எங்கிருந்து வந்தாலும் சரி. இதுவும் ஃப்ராஸ்காட்டி விதிதான். பட்டறை பலகை இல்லாததால் விடுபடுகிறது என்றால், இந்த மையங்கள் கணக்கு எழுதும் முறையால் விடுபடுகின்றன. இவற்றில் எத்தனை உங்கள் படிவத்துக்குப் பதில் தருகின்றன, தந்தவை எந்த எண்ணை எழுதின என்பதை வெளியில் இருக்கும் எங்களால் அறிக்கையிலிருந்து கண்டுகொள்ள முடியவில்லை.

ஆட்களை எண்ணுவதிலும் இதே கோளாறு. பத்து லட்சம் மக்களுக்கு 262 ஆராய்ச்சியாளர்கள் என்பது உங்கள் கணக்கு. 2000-இல் இது 110 ஆக இருந்தது, வளர்ச்சிதான். ஆனால் என் உதாரணத்தில் வரும் பட்டறையில் சோதனைகளைச் செய்தவர் ஐடிஐ முடித்த ஒரு வைண்டர். முடிவுகளை எடுத்தவர் பாலிடெக்னிக் டிப்ளமோ வைத்திருக்கும் முதலாளி. பட்டத்தைப் பார்த்து எண்ணினால் இருவருமே வரமாட்டார்கள். செய்யும் வேலையைப் பார்த்து எண்ணு என்பதுதான் கையேடு சொல்வது. ஒருவர் தன் நேரத்தில் கால் பங்கை ஆராய்ச்சியில் செலவிட்டால் அவரைக் கால் ஆள் என்று எண்ணும் வழியும் அதில் இருக்கிறது. கல்லூரி ஆசிரியர்களுக்கும் இதே வழிதான். பாடம் நடத்துவது போக, கல்லூரித் தர மதிப்பீட்டுக்கான நாக் பைல்களைத் தயாரிப்பது போக, ஆராய்ச்சிக்கு அவருக்கு எவ்வளவு நேரம் மிஞ்சுகிறது என்று கேட்காமல் உயர்கல்வியின் பங்கைச் சொல்ல முடியாது. உங்கள் அறிக்கையில் அது 8.8 சதவீதம். பேராசிரியர்களின் நேரத்தை அளந்து வந்த எண்ணா, சம்பளத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்ட எண்ணா என்பதை அறிக்கையின் முதல் பக்கங்களிலேயே தெளிவாகச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் விமர்சனம் செய்வதற்காக எழுதவில்லை. அரசு ஆய்வகங்களை எண்ணுவதில் நீங்கள் பல பத்தாண்டுகளாகச் செய்திருக்கும் வேலை பெரியது. டிஆர்டிஓ, விண்வெளித் துறை, அணுசக்தித் துறை, ஐசிஏஆர், சிஎஸ்ஐஆர் ஆகியவற்றின் வரிசையான கணக்கு இந்த நாட்டுக்கு இருப்பது உங்களால்தான். 2010-11-இல் சுமார் 60,197 கோடியாக இருந்த மொத்தச் செலவு பத்து வருடத்தில் 1,27,381 கோடியாக ஆனது, ஆனால் ஜிடிபி அதைவிட வேகமாக ஓடியதால் விகிதம் இறங்கியது என்று நாங்கள் பேச முடிவதே அந்த வரிசை இருப்பதால்தான். அந்த உழைப்பின் மீது மரியாதை இருப்பதால்தான் மீதிப் பாதியையும் கேட்கிறேன்.

முதலில் படிவத்தை மாற்றுங்கள். 'உங்கள் நிறுவனத்தில் ஆய்வு மேம்பாட்டுப் பிரிவு உள்ளதா?' என்று தொடங்கினால் எங்கள் ஊரில் பத்துக்கு ஒன்பது பேர் 'இல்லை' என்று போட்டுவிட்டுப் படிவத்தை மூடிவிடுவார்கள். அதற்குப் பதிலாக இப்படிக் கேட்டுப் பாருங்கள்: 'போன வருடம், சரியாக வருமா வராதா என்று தெரியாமல் ஏதாவது ஒரு பொருளையோ செய்முறையையோ புதிதாகச் செய்து பார்த்தீர்களா? அதற்குப் பேட்டர்ன், டை, மாதிரிக்கான பொருட்கள் எவ்வளவு ஆயின? யார் யார், வாரத்தில் எத்தனை மணி நேரம் அதில் உட்கார்ந்தார்கள்? சோதனைக்கு வெளியில் எங்காவது அனுப்பினீர்களா?' இப்படிக் கேட்டால் அந்த முதலாளி அரை மணி நேரம் பேசுவார். நோட்டையும் எடுத்துக் காட்டுவார். கேள்விகள் தமிழிலும், குஜராத்தியிலும், பஞ்சாபியிலும், அந்தந்த ஊர் மொழியில் இருக்க வேண்டும். ராஜ்கோட்டிலும் லூதியானாவிலும் இதே கதைதான் இருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது.

பட்டியலையும் விரிவாக்குங்கள். சிறு தொழில்களுக்காக 2020 ஜூலையில் தொடங்கிய உத்யம் பதிவு இருக்கிறது, ஜிஎஸ்டி பதிவு இருக்கிறது. தொழிற்சாலைகளுக்கான ஆண்டுக் கணக்கெடுப்பை நடத்தும் தேசியப் புள்ளியியல் அலுவலகத்துக்கு ஊர் ஊராகக் களப்பணியாளர்கள் இருக்கிறார்கள். எல்லோரையும் எண்ண வேண்டியதில்லை. தொழில் வாரியாக, ஊர் வாரியாக ஒரு நல்ல மாதிரி எடுத்து, நேரில் ஆள் அனுப்பிக் கேட்டால் போதும். மின்னஞ்சலில் இணைப்பை அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் பதில் வராது. அந்த மின்னஞ்சலைத் திறப்பது முதலாளியின் மகனோ ஆபீஸ் பெண்ணோ, மோசடி லிங்க் என்று நினைத்து அழித்துவிடுவார்கள்.

பயத்தையும் போக்க வேண்டும். அரசாங்கத்திலிருந்து ஒரு படிவம் வந்தால் சிறு தொழில் செய்கிறவர் முதலில் நினைப்பது, இது ஜிஎஸ்டிக்குப் போகுமா, வருமானவரிக்குப் போகுமா என்பதுதான். 2008-ஆம் ஆண்டுப் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டத்தின்கீழ் திரட்டும் தகவலைப் புள்ளிவிவரம் தவிர வேறு காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று பாதுகாப்பு இருக்கிறது. கணக்கெடுப்பை அந்தச் சட்டத்தின்கீழ் கொண்டுவந்து, படிவத்தின் முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில், அவரவர் மொழியில் இதை அச்சிடுங்கள். கடைசிப் பக்கத்தின் அடியில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் போட்டால் அது இல்லாததற்குச் சமம்.

அப்புறம், வெளியிடும்போது முழுதாக வெளியிடுங்கள். எத்தனை பேருக்கு அனுப்பினோம், எத்தனை பேர் பதில் தந்தார்கள், பதில் தராதவர்களின் இடத்தில் எந்த முறையில் எண்ணை நிரப்பினோம், மொத்தத்தில் எத்தனை சதவீதம் கேட்டு வாங்கிய எண், எத்தனை சதவீதம் மதிப்பீடு என்று சொல்லுங்கள். தற்காலிக எண்ணை ஒரு வருடத்துக்குள் கொடுத்துவிட்டுப் பிறகு திருத்துங்கள். ஜிடிபிக்கே அப்படித்தான் செய்கிறோம், யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. பெயர்களை நீக்கிய நிறுவனவாரித் தகவலை, தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் கொடுப்பதுபோல், ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடுங்கள். உங்கள் எண்ணில் உள்ள ஓட்டைகளை அவர்கள் கண்டுபிடிப்பார்கள். அது நல்லதுதான்.

2003-இன் அறிவியல் தொழில்நுட்பக் கொள்கை, பத்தாவது ஐந்தாண்டுத் திட்டம் முடிவதற்குள் ஜிடிபியில் 2 சதவீதம் என்று இலக்கு வைத்தது. 2013-இன் கொள்கையும் அதே 2 சதவீதத்தைச் சொன்னது. இரண்டும் நடக்கவில்லை. மூன்றாவது முறையும் அதே இலக்கை எழுதுமுன், நாம் இப்போது எங்கே நிற்கிறோம் என்பதைப் பட்டறை வரை இறங்கிப் பார்த்துவிடுவோம். சிறு நிறுவனங்களின் ஆராய்ச்சி எங்கே, எந்தத் தொழிலில், எந்தக் கட்டத்தில் நின்றுபோகிறது என்று தெரிந்தால் பணத்தை அங்கே போடலாம். எங்கள் ஊரில் அது நின்றுபோவது பெரும்பாலும் சோதனைக் கட்டத்தில். வார்ப்புக்கும் கடைசலுக்கும் பக்கத்திலேயே ஆள் இருக்கிறது. நல்ல சோதனை வசதிக்கு வரிசையில் நிற்க வேண்டும், கட்டணமும் கட்ட வேண்டும். இந்தத் தகவல் இன்று எந்த தேசிய அறிக்கையிலும் இல்லை. கேட்டிருந்தால் இருந்திருக்கும்.

அடுத்த சுற்றுக்கு முன் ஒரு முன்னோட்டக் கணக்கெடுப்பைக் கோவையில் நடத்துங்கள். சிறு தொழில்முனைவோர் சங்கமான கொடிசியா இருக்கிறது, பம்பு உற்பத்தியாளர்களின் சீமா இருக்கிறது. கூட்டம் கூட்ட இடமும் ஆட்களும் கிடைப்பார்கள். கேள்விகளை எளிய தமிழில் எழுதவும், எந்தச் செலவு எந்தத் தலைப்பில் ஒளிந்திருக்கும் என்று உங்கள் களப்பணியாளர்களுக்குக் காட்டவும் என்னைப் போன்ற கணக்காளர்கள் சிலர் கூலி வாங்காமல் உட்காரத் தயார். ஒரே ஒரு வேண்டுகோள்: படிவத்தை செப்டம்பரில் அனுப்பாதீர்கள். 30-ஆம் தேதி வரித் தணிக்கைக்குக் கடைசி நாள், அந்த மாதம் எந்தப் பட்டறையிலும் எந்தக் கணக்காளரும் உங்களுக்குத் தலை நிமிர்ந்து பதில் சொல்ல மாட்டார். பொங்கல் முடிந்து ஜனவரிக் கடைசியில் வாருங்கள்.

அன்புடன்,
கோவையிலிருந்து ஒரு கணக்காளர்